மொட்டைமாடியில் ஒரு கசிவு

பிறை 1, செவ்வாய்

இன்று ரமலானின் முதல் நோன்பு. மொட்டைமாடியில் என் தொட்டியும் இன்றுதான் வேலையைத் தொடங்கியது. இரண்டும் ஒரே நாளில் அமைந்ததற்கு நான் பொறுப்பல்ல. கண்ணாடியைச் சுற்றி அப்பிய லப்பம் காய்வதற்கு இத்தனை காலம் எடுத்துக்கொண்டது.

தொட்டி என்பது என் சொல். என் மனைவி ஜைனம்பு பெட்டி என்கிறாள். அவள் தம்பி அசனலி 'மச்சானோட கபுரு' என்கிறான், கல்லறையாம். ஒரு ஆள் படுக்கலாம் போலத்தான் இருக்கிறது. மரப்பெட்டி, உள்ளே கறுப்புப் பெயின்ட் அடித்த அலுமினியத் தட்டு, மேலே சாய்வாகக் கண்ணாடி. தட்டில் எங்கள் கிணற்று உப்புத் தண்ணீரை ஊற்றினால் வெயிலில் ஆவியாகும். ஆவி கண்ணாடியின் அடியில் துளித்துளியாகப் படிந்து, சாய்வில் வழிந்து, குழாய் வழியே பாட்டிலில் விழும். உப்பு தட்டிலேயே தங்கிவிடும். முப்பது வருஷம் கல்லூரிக் கரும்பலகையில் இதைப் படமாக வரைந்திருக்கிறேன். படத்தில் ஒருநாளும் ஒழுகியதில்லை.

இன்னொன்றையும் குறித்து வைக்க வேண்டும். போன வாரம் ஜைனம்புவை ராமநாதபுரத்து டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். சர்க்கரையோடு சிறுநீரகத்தில் கல்லும் இருக்கிறதாம். இந்த வருஷம் நோன்பு கூடவே கூடாது, பகலில் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அசனலியின் மனைவி ராபியாவும் மூட்டுவலியைக் காட்ட எங்களுடன் வந்தாள். அவளை உள்ளே அதிக நேரம் வைத்திருந்தார்கள். வெளியே வந்ததும் சீட்டை எட்டாக மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"பத்து வயசுலேர்ந்து ஒரு வருசம் நோம்ப விட்டதில்ல" என்று காரில் வரும் வழியெல்லாம் ஜைனம்பு ஜன்னலிடம் சொல்லிக்கொண்டே வந்தாள்.

இன்று விடியுமுன் ஸஹர் சாப்பாட்டுக்கு எனக்கு முன்னால் எழுந்தாள். எனக்குச் சோறு வைத்தாள், தானும் சாப்பிட்டாள், நோன்பு வைப்பதாக நிய்யத்தும் சொன்னாள். நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். குழம்பு நன்றாக இருக்கிறது என்று சொன்னேன்.

பிறை 2, புதன்

நோயாளிகள் நோன்பை விடலாம், பதிலாக ஏழைக்கு உணவு கொடுக்கலாம் என்ற சலுகையை மார்க்க நூலிலிருந்து சத்தமாக வாசித்தேன், எனக்கு நானே வாசிப்பதுபோல. ஜைனம்பு மிக்சியை ஓட்டினாள்.

பிறை 3, வியாழன்

மாலை பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழத்துக்குப் பிறகு தொட்டித் தண்ணீரை ஒரு மிடறு குடித்தேன். ருசி: மிக நன்று. முதல் நாளும் இரண்டாம் நாளும்கூட மிக நன்று. இவ்வளவு சீக்கிரம் வெற்றி வருவது எனக்குப் பழக்கமில்லை.

அளவுதான் குறைவு. பகல் முழுவதற்கும் இரண்டு லிட்டரைத் தொடவில்லை. போதாக்குறைக்கு, நண்பகல் தொழுகைக்குப் போகும்போது பாட்டிலில் பென்சிலால் கோடு போட்டுவிட்டுப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் தண்ணீர் கோட்டுக்குக் கீழே நின்றது. ஏறவேண்டிய நேரத்தில் இறங்கியிருக்கிறது. ஆவி இழப்பு என்று குறித்திருக்கிறேன்.

பிறை 4, வெள்ளி

ஒரு விபரீதம் நடந்துவிட்டது.

எங்கள் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சிக்கு ஆளுக்கொரு நாள் முறை உண்டு. எந்த நாள் எந்தக் குடும்பம் என்று வாசலில் கரும்பலகையில் எழுதியிருப்பார்கள். எழுதுபவன் அசனலி. ஜும்ஆ தொழுகை முடிந்து செருப்பைத் தேடும்போது பார்த்தேன்: 'பிறை 19: புரொபசர் நெய்னா முகம்மது குடும்பம். கஞ்சி. ஆளுக்கு ஒரு டம்ளர் சொந்தத் தயாரிப்புத் தண்ணீர்.'

"மாப்ள, இது என்ன?" என்றேன்.

"நீங்கதான மச்சான் சொன்னிய, தண்ணி மிக நன்றுன்னு?"

"உன்கிட்டதானே சொன்னேன்."

"எங்கிட்டச் சொன்னா ஊருக்குச் சொன்ன மாதிரிதான. இத்தன வருசமா என்ன தெரியாது உங்களுக்கு?"

அதற்குள் இரண்டு ஹாஜியார்கள் என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டார்கள். கை கொடுத்தபின் எப்படி மறுப்பது? நூறு பேராவது வருவார்கள். ஆளுக்கு ஒரு டம்ளர் என்றால் இருபது லிட்டர். நான் வாழ்க்கையில் எதையும் இருபது பேர் பார்க்கச் செய்தவனில்லை. பாடம்கூட கரும்பலகையைப் பார்த்துத்தான் நடத்தினேன்.

பிறை 6, ஞாயிறு

ஆவி இழப்பு தினமும் நிகழ்கிறது. நான் தொட்டியருகில் உட்கார்ந்திருந்தால் நிகழ்வதில்லை. நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பள்ளிவாசல் போனால் நிகழ்கிறது. ஆவிக்குத் தொழுகை நேரம் தெரிந்திருக்கிறது.

கைப்பிடிச் சுவரில் எவர்சில்வர் டம்ளர் ஒன்று கவிழ்த்து வைத்திருந்தது. உள்ளே ஈரம். காக்கையாக இருக்கலாம். குடித்துவிட்டுக் கவிழ்த்து வைக்கும் காக்கை.

ஜைனம்புவின் முகம் தெளிவாக இருக்கிறது. நான் பயந்த அளவுக்கு வாடவில்லை. அல்ஹம்துலில்லாஹ்.

பிறை 7, திங்கள்

எங்கள் வீட்டின் அமைப்பைக் குறித்து வைக்கிறேன். ஆராய்ச்சிக்குச் சூழல் முக்கியம்.

ரமலானில் காலையிலிருந்தே எங்கள் கூடத்தில் தெருப்பெண்கள் கூடி குர்ஆன் ஓதுவார்கள். முன்னால் உட்கார்ந்து ஓதிக்கொடுப்பவள் ஜைனம்பு. அடுக்களைக்கும் கூடத்துக்கும் நடுவில் கதவு கிடையாது. கீழே ஒருவர் ஒரு மிடறு விழுங்கினால் பத்துப் பேருக்குக் கேட்கும். ஆளில்லாத இடம் மொட்டைமாடி ஒன்றுதான். அங்கேயும் ஒரு சிக்கல்: பக்கத்து வீடான அசனலி வீட்டில் அடுப்படி மாடியில் இருக்கிறது. அதன் ஜன்னல் நேரே தொட்டியைப் பார்க்கிறது. ஜன்னலில் பெரும்பாலும் ராபியா இருக்கிறாள்.

இது பொதுவான தகவல்.

பிறை 8, செவ்வாய்

ஆவி இழப்பு என்று எழுதியது தவறு. கசிவு என்பதே சரி. குழாயின் இணைப்பில் கசிகிறது என்று முடிவு செய்து, கசிவைச் சேகரிக்க ஒரு மண்கூஜாவை, மாடியிலிருக்கும் வீட்டுத் தண்ணீர் டேங்கின் நிழலில் வைத்தேன். கூஜா நிரம்பிய பிறகே பாட்டிலுக்குத் தண்ணீர் போகும்படி குழாயையும் மாற்றினேன். மேலே ஒரு மூடி. பக்கத்தில் ஒரு முக்காலி, கூஜாவைக் கவனிக்க வருபவருக்கு.

மாலையில் கூஜா காலி. கசிவுத் தண்ணீரும் கசிந்துவிட்டது.

பிறை 11, வெள்ளி

கசிவு போகக் கிட்டத்தட்ட பதினைந்து லிட்டர் சேர்ந்துவிட்டது. இரண்டு மண்பானைகளில் ஊற்றி மூடி வைத்திருக்கிறேன். இன்று மாடியில் சிறிது நேரம் காரணமில்லாமல் நடந்தேன்.

பிற்பகல் அஸர் தொழுதுவிட்டு வந்தபோது ஜைனம்பு துணி மடித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல் சொன்னாள்: "என்னங்க, அந்தத் தண்ணிய நூறு பேருக்கா குடுக்கப் போறிய? பெயின்ட் வாசம் வருதுங்க. தொண்டையிலயே நிக்கிது."



"மூக்கு வழியாத் தொண்டைக்குப் போயிருக்கும்" என்றேன்.

"ஆமா. மூக்கு வழியாத்தான்" என்றாள். என் சட்டை ஒன்றையே மூன்று முறை மடித்தாள்.

பிறை 12, சனி

நேற்று மாலை நோன்பு திறந்ததும் குடித்துப் பார்த்தேன். மிக நன்று. பிறகு கஞ்சி குடித்து, இரவுத் தொழுகையான தராவீஹும் தொழுது, தாகமெல்லாம் அடங்கிய பின் மறுபடி ஒரு மிடறு. புதுக் கதவை நக்கியதுபோல இருந்தது.

என் சோதனை முறையே பிழை. இந்த ஊரில் பகலில் யாரும் தண்ணீரைச் சுவைத்துப் பார்க்க முடியாது. மாலையில் பாங்கு சொன்னதும் எதைக் கொடுத்தாலும் அமிர்தம். நாளெல்லாம் தாகத்தோடு இருந்த நாக்கு நீதிபதி அல்ல, மனுதாரர். பதினொரு நாளும் 'மிக நன்று' என்று எழுதியிருக்கிறேன். மாணவன் எவனாவது இப்படி எழுதியிருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன்.

ஜைனம்பு இத்தனை நாளும் இதை முகர்ந்துகொண்டு பேசாமல் இருந்திருக்கிறாள். நேற்று ஏன் சொன்னாள் என்று யோசித்தேன். பலகையில் என் பெயர் இருக்கிறது. சொன்னால் அவளுக்கு என்ன ஆகும் என்பதும் அவளுக்குத் தெரியும். யோசித்ததை இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன்.

பதினைந்து லிட்டரையும் அசனலி வந்து தூக்கிப்போனான். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஆகுமாம். "எங்க ஊட்டு இன்வெர்ட்டரு நோம்பு தொறந்திருச்சு மச்சான்" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினான்.

தொட்டி சரியாகும்வரை கூஜாவில் கேன் தண்ணீர் ஊற்றி வைத்தேன். கேன் தண்ணீர் எந்த வேகத்தில் கசிகிறது என்று ஒப்பிட வேண்டியிருக்கிறது.

பிறை 13, ஞாயிறு

பெயின்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தே எடுத்துவிட்டேன். தோள் வலிக்கிறது. ஆனால் தட்டு பளபளவென்று இருந்தால் வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். கறுப்பு வேண்டும், மணம் கூடாது.

முதலில் பழைய குடைத்துணியை விரித்தேன். அது நனைய மறுத்தது. அதற்காகவே நெய்யப்பட்ட துணி என்பது ஒரு மணி நேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

மாலையில் பள்ளிவாசல் பின்கட்டில் கஞ்சி அடுப்பைப் பார்த்தேன். விறகு எரிந்து முடிந்து கரியாகக் கிடந்தது. கஞ்சி காய்ச்சும் காதரிடம் ஒரு சாக்கு கரி கேட்டேன்.

"பல்லு விளக்கவா சார், இம்புட்டு?" என்றார்.

பிறை 14, திங்கள்

கரியைக் கழுவி, கொட்டைப்பாக்கு அளவுக்கு உடைத்து, தட்டில் பரப்பினேன். தண்ணீரைக் கரி பாதி மூழ்கும் அளவுக்கு மட்டும் ஊற்றினேன். முன்பெல்லாம் தட்டை நிரப்பிவிடுவேன். அவ்வளவு தண்ணீரும் சூடாகவே பகல் போய்விடும். கரியோ தண்ணீரைத் தானே மேலே உறிஞ்சிக் கொடுக்கிறது, வெயிலை விடாமல் பிடிக்கிறது. பத்து மணிக்கே கண்ணாடியின் அடியில் மழை. மாலைக்குள் மூன்று லிட்டருக்கு மேல்.

ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு குடித்துப் பார்த்தேன். மணம் எதுவும் இல்லை. நம்பிக்கை வரவில்லை. "நீ முகர்ந்து பார்த்துச் சொல்லு" என்று ஜைனம்புவிடம் சொன்னேன்.

"நாளைக்கிப் பகல்ல முகர்ந்து பாக்குறேன்" என்றாள்.

பிறை 15, செவ்வாய்

முகர்ந்தாளாம். நன்றாக இருக்கிறதாம். இரண்டு தடவை முகர்ந்தாளாம்.

இன்று இன்னொரு மேம்பாடு. நாலு பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும் ஈயம் பூசிய பெரிய சஹன் தட்டுகள் இரண்டு பரணில் இருந்தன. புளி போட்டுத் துலக்கித் தொட்டியின் வடபுறம் சாய்த்து நிறுத்தினேன். வெயிலை வாங்கித் தொட்டிக்குள் திருப்புகின்றன. ஒன்று சரியான கோணத்தில் நிற்கிறது. மற்றது சற்று விலகி, ராபியாவின் அடுப்படி ஜன்னலுக்குள் வெயிலை அனுப்புகிறது. காலையிலிருந்து பல கோணங்களில் வைத்துப் பார்த்து, கடைசியில் இதுவே பொருத்தம் என்று முடிவு செய்தேன்.

"அண்ணே! சூரியன் எங்க அடுப்படிக்குள்ள வந்து குந்தியிருக்குண்ணே!" என்று ராபியா குரல் கொடுத்தாள்.

"ஆராய்ச்சிம்மா. கொஞ்சம் பொறுத்துக்க" என்றேன்.

அவள் சண்டைக்கு வருவாள் என்று நடுங்கிக்கொண்டிருந்தேன். வரவில்லை. பட்டென்று ஜன்னலைச் சாத்திக்கொண்டாள். இவ்வளவு சந்தோஷமாக ஒரு ஜன்னல் சாத்தப்பட்டு நான் பார்த்ததில்லை.

நாலு லிட்டர். கசிவும் தாராளம்.

பிறை 16, புதன்

வானம் மூட்டம். ஒரு லிட்டர்கூட இல்லை. கூஜாவுக்கே சரியாகப் போயிற்று.

பிறை 17, வியாழன்

இன்றும் மூட்டம். பானைகளில் எட்டு லிட்டருக்குச் சற்றே கீழே.

அசனலி மாடிக்கு வந்து பானைக்குள் எட்டிப் பார்த்தான். "மச்சான், நீங்க பயப்படாதிய. நான் சத்தமில்லாம ரெண்டு கேன் கொண்டாந்து ஊத்திருறேன். யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியுமே."

"நீங்க யாருகிட்ட சொல்லப் போறிய? கடையில மிச்சச் சில்லறையக் கேக்கவே கூச்சப்படுற ஆளு."

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. பார்ப்போம் என்று சொன்னேன். இதை எழுதும்போது கை கூசுகிறது.

பிறை 18, வெள்ளி

காலையில் மாடிக்குப் போனால், நேற்று நான் போட்ட கோட்டுக்கு நாலு விரற்கடை மேலே நிற்கிறது பானைத் தண்ணீர்.

அசனலி என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரு கரண்டித் தண்ணீரை எவர்சில்வர் தட்டில் விட்டு, விசிறிக் காயவைத்தேன். கேன் தண்ணீராக இருந்தால் வெள்ளைத் தடம் விடும். தட்டு சுத்தமாக இருந்தது. தொட்டித் தண்ணீரேதான்.

பிறகு கூஜாவைப் பார்த்தேன். உலர்ந்து கிடந்தது. டம்ளரும் உலர்ந்திருந்தது. இரண்டு நாளாகக் கசிவே நடக்கவில்லை. கசிய வேண்டியதெல்லாம் பானைக்குப் போயிருக்கிறது. என் பெயர் பலகையில் இருப்பதால்.

கீழே போனேன். ஓதிக்கொண்டிருந்த பெண்களுக்கு நடுவில் ஜைனம்பு தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உதடு வெடித்திருந்தது. ஓதிக்கொடுப்பது அவள் இல்லை, வேறு யாரோ.

பெண்கள் கூடியிருக்கும் கூடத்துக்குள் நான் போவதில்லை. இன்று போனேன். "ஜைனம்பு, மேல வா" என்றேன். குரல் பெரிதாக வந்துவிட்டது. ஓதல் நின்றது.

மாடிப்படியில் இரண்டு தடவை நின்று நின்று ஏறினாள். முக்காலியில் உட்காரவைத்தேன். பானையிலிருந்து ஒரு டம்ளர் மொண்டு அவள் முன்னால் நீட்டினேன். சூரியன் மூட்டத்துக்குள் உச்சியை நெருங்கியிருந்தது.

"என்னங்க இது, நோம்பு நேரத்துல?" என்றாள்.

நான் தயார் செய்து வைத்திருந்ததைச் சொன்னேன். "நாளைக்கு நூறு பேர் குடிக்கணும். அதுக்கு முன்னாடி நோம்பில்லாத ஒரு நாக்கு ருசி பாத்துச் சொல்லணும். ஆராய்ச்சி விதி. டாக்டரம்மா எழுதிக் குடுத்த நாக்கு இந்த ஊருல உன்கிட்டதான் இருக்கு."

அவள் டம்ளரை வாங்கிக்கொண்டாள்.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"எது?"

"கசிவு."

"முதல்லேர்ந்தே குறிச்சுட்டு வர்றேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. சாத்தியிருந்த ராபியாவின் ஜன்னலை ஒரு தரம் பார்த்தாள். பிஸ்மி சொல்லிக் குடித்தாள். ஒரே மூச்சில் இல்லை, மூன்று மூச்சில், ருசி பார்ப்பவளைப்போல. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "பெயின்ட் இல்ல. ஆனா சப்புன்னு இருக்கு" என்றாள். இன்னொரு டம்ளர் கொடுத்தேன். கூஜாவையும் நிரப்பினேன். பானை பழைய கோட்டுக்கே இறங்கியது.

"இப்ப நாளைக்கிக் காணாதேங்க."

"காணாது."

"உங்க பேருங்க!"

"அது சுண்ணக்கட்டியில எழுதுனதுதானே?" என்றேன். இது என் வாயிலிருந்தா வந்தது என்று இன்னும் சந்தேகமாக இருக்கிறது.

மதியம் மூட்டம் விலகியது. ஓடிப்போய் சஹன்களைத் துடைத்தேன்.

பிறை 19, சனி

நல்ல வெயில். கண்ணாடி மேல் ஈரத்துணியால் அடிக்கடி ஒற்றினேன். மேலே குளிர்ந்தால் கீழே இன்னும் வேகமாகத் துளி கட்டுகிறது. இதுவரை இல்லாத அளவாக ஐந்து லிட்டரைத் தொட்டது. கூஜாவும் அதன் முறைப்படி கசிந்தது.

ஆனாலும் எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டு லிட்டரைத் தாண்டவில்லை. நூறு டம்ளருக்குப் போதாது. அசனலி கேன்களோடு வாசலில் வந்து நின்றான்.

"வேணாம் மாப்ள" என்றேன். அவன் கேனை இறக்கி வைத்துவிட்டு என்னைச் சுற்றி வந்து பார்த்தான்.

உள்ளேயிருந்து ஜைனம்புவின் குரல் வந்தது: "டேய் அசனலி, பலகையில என்ன எழுதுனே? ஒரு டம்ளருன்னுதான? எம்மாம் பெரிய டம்ளருன்னு எழுதுனியா?"

"இல்ல லாத்தா."

"அப்ப ஏண்டா நிக்கிறே? பள்ளிவாசல்ல டீ குடுக்குற சின்ன டம்ளரை எடுத்து வையி."

மாலையில் பள்ளிவாசலில் சின்ன டம்ளரில் தண்ணீர் வரிசையாக வந்தது. பாங்கு சொன்னார்கள். நூறு தொண்டைகளும் ஒரே நேரத்தில் விழுங்கின. நான் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன்.

மூத்த ஹாஜியார் டம்ளரைக் கவிழ்த்துப் பார்த்தார். "புரொபசரே, தண்ணில ஒண்ணுமே இல்லையே?"

"ஆமா ஹாஜியார். அதுக்குத்தான் இவ்வளவு பாடு" என்றேன்.

அவர் யோசித்தார். பிறகு, மிக நன்று என்றார். எல்லோரும் மிக நன்று என்றார்கள். அந்தச் சான்றிதழின் மதிப்பு எனக்குத் தெரியும். ஆனாலும் வாங்கிக்கொண்டேன்.

பிறை 20, ஞாயிறு

இன்று ஸஹருக்கு ஜைனம்பு எழுந்து எனக்குச் சோறு வைத்தாள். தான் சாப்பிடவில்லை. நிய்யத்தும் சொல்லவில்லை. குழம்பு நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். "தெரியும்" என்றாள். விடிந்ததும் மாத்திரையை என் கண்ணெதிரிலேயே போட்டுக்கொண்டாள். ஏழைகளுக்குக் கொடுக்க அரிசி அளந்து வைத்திருக்கிறாள். தெருப்பெண்களிடம் எப்போது சொல்வது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. அதுவரை கூஜா மாடியில் இருக்கும்.

பகலில் தொட்டிக்கு ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்து ஜன்னல் ஒரு சாண் திறந்தது. ராபியா. சஹன் வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, தெருவை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள்.

"அண்ணே, எங்க மாடிக்கும் ஒரு பெட்டி செஞ்சு தாங்களேன்."

"தர்றேன்மா. எத்தனை லிட்டர் வேணும்?"

"லிட்டரெல்லாம் எனக்குத் தெரியாது. மதினிக்குச் செஞ்ச மாதிரியே இருக்கணும்." ஜன்னல் கதவைப் பாதி இழுத்தாள். "அந்தக் கசிவோட."

ஜன்னல் சாத்திக்கொண்டது. அன்று எட்டாக மடிக்கப்பட்ட சீட்டு எனக்கு ஞாபகம் வந்தது.

நாளை அளவெடுக்கப் போக வேண்டும். சந்தையில் இன்னொரு மண்கூஜா வாங்க வேண்டும். இரண்டு தொட்டிகளிலும் ஒரே இடத்தில் ஒழுகினால் அசனலி சந்தேகப்படுவான். வடிவமைப்பில் இதற்கு ஒரு வழி காண வேண்டும்.